இலை அசைந்தால் தெரிந்துவிடும்

காசு கொடுத்து ஒரு கேமரா வாங்குகிறீர்கள். டப்பாவைப் பிரித்ததும் முதல் வேலையாக என்ன செய்வீர்கள்? பேட்டரியை சார்ஜில் போடுவீர்கள். வீட்டுக் குழந்தையைப் படம் எடுப்பீர்கள். 2010லிருந்து ஒரு மூன்று, நான்கு வருடங்களுக்கு உலகத்தில் ஒரு கோஷ்டி வேறு காரியம் செய்துகொண்டிருந்தது. டப்பாவைப் பிரித்த கையோடு கேமராவின் மூளையை மாற்றியது. வாரண்டி போகும், கேமரா செத்தாலும் சாகும். பரவாயில்லை என்றது.

எல்லாவற்றுக்கும் காரணம் மரம்.

பானசோனிக் கம்பெனி 2009ல் ஜி.ஹெச்.1 என்று ஒரு கேமரா விட்டது. ஸ்டில் கேமரா மாதிரி சின்ன உருவம். ஆனால் முழு ஹெச்டி வீடியோ எடுக்கும், லென்ஸும் மாற்றலாம். கையில் காசில்லாத குறும்படக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? முகம் அழகாக வந்தது. சுவர் அழகாக வந்தது. இலை அடர்ந்த ஒரு மரத்தைக் காட்டி, கேமராவை லேசாகத் திருப்பினால் போச்சு. இலையெல்லாம் கரைந்து ஒரே கூழாகிவிடும். உபயோகித்தவர்கள் இதற்கு வைத்த பெயர் சேறு.

ஏன் சேறாகிறது? நான் பி.காம். ஆகவே, எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். கேமரா ஒவ்வொரு ஃபிரேமையும் முழுசாக எழுதி வைப்பதில்லை. ஒரு ஃபிரேமை முழுசாக எழுதும். அது ஓப்பனிங் பேலன்ஸ். அடுத்து வரும் ஃபிரேம்களில் என்ன மாறியதோ அதற்கு மட்டும் என்ட்ரி போடும். பத்துப் பன்னிரண்டு ஃபிரேம் தாண்டியதும் மறுபடி ஒரு முழுக் கணக்கு. சுவர் முன்னால் ஒருத்தர் உட்கார்ந்து பேசினால் உதடும் கண்ணும்தான் மாறும். நாலு என்ட்ரியில் முடிந்தது. காற்றில் ஆடும் மரம் அப்படியா? இலைக்கு ஒரு என்ட்ரி வேண்டும். ஆனால் கணக்குப்பிள்ளைக்குக் கொடுத்திருக்கும் காகிதமோ கொஞ்சம். என்ன செய்வார்? முதலில் பைசாவை விட்டுவிடுவார். அப்புறம் ரூபாயை. அப்புறம் நூறு நூறாக ரவுண்டாஃப். அந்த ரவுண்டாஃப்தான் திரையில் சேறு.

அந்தக் காகிதத்தின் அளவுக்குப் பெயர்தான் பிட்ரேட். ஜி.ஹெச்.1ல் முழு ஹெச்டிக்குக் கொடுத்திருந்தது விநாடிக்கு 17 மெகாபிட். அடுத்து வந்த ஜி.ஹெச்.2ல் 24. விநாடிக்கு 24 ஃபிரேம், 24 மெகாபிட். ஆக, ஃபிரேம் ஒன்றுக்கு ஒரு மெகாபிட். எட்டால் வகுத்தால் 125 கிலோபைட். அதே ஃபிரேமைச் சுருக்காமல் வைத்தால் சுமார் 3 மெகாபைட் ஆகும். இருபத்தைந்தில் ஒரு பங்காக அமுக்கினால், இலை எப்படி இலையாக இருக்கும்?

இங்கே வருகிறார் விதாலி கிஸெலெவ். ரஷ்யப் புரோகிராமர். கேமராவுக்குள் இருக்கும் மென்பொருளை, அதாவது ஃபர்ம்வேரை, பிரித்து மேய்ந்து 2010ல் ஜி.ஹெச்.1க்கும் 2011ல் ஜி.ஹெச்.2க்கும் பூட்டைத் திறந்தார். பிடூல் என்று ஒரு சின்ன புரோகிராம் எழுதி எல்லோருக்கும் கொடுத்தார். கம்பெனியின் ஃபர்ம்வேரை அதில் ஏற்றி, பிட்ரேட்டை இஷ்டப்படி கூட்டி, கார்டில் போட்டு, கம்பெனி அப்டேட் மாதிரியே கேமராவுக்குள் செலுத்திவிடலாம். கேமரா சமத்தாக விழுங்கிவிடும்.

கம்பெனி ஏன் பூட்டி வைத்தது? பேராசை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். கொஞ்சம் நிஜமும்கூட. 1849லேயே ஜூல் துபுயி என்கிற பிரெஞ்சு என்ஜினீயர் எழுதியிருக்கிறார். ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாதது கூரைக்கு ஆகும் செலவுக்காக இல்லையாம். இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிந்தவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதற்காகவாம். பானசோனிக்கிடமும் வகுப்புகள் இருந்தன. தொழில்முறை ஆட்களுக்கு அது விற்ற விலை உயர்ந்த வீடியோ கேமராக்களில் 100 மெகாபிட், அதுவும் மேம்பட்ட நிறத்தோடு, தாராளமாகக் கிடைத்தது. ஆயிரம் டாலர் கேமராவுக்குக் கூரை எதற்கு?

ஆனால், பூட்டில் பாதி பேராசை என்றால் மறுபாதி வாக்குறுதி. பலர் இதைக் கவனிக்கவில்லை. 24 மெகாபிட் என்பது அன்றைய ஏவிசிஹெச்டி என்ற பொது விதியின் உச்சவரம்பு. அதற்குள் இருந்தால் பெட்டிக்கடை விலையில் வாங்கின கார்டிலும் பதிவாகும். டிவியில் செருகினால் ஓடும். கேமராவை யார் வாங்கினாலும், எந்த ஊர் வெயிலில் எடுத்தாலும், சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கார்டு திணறிப் பாதியில் நிற்காது. கம்பெனி விற்றது அந்த 'நிற்காது' என்கிற வார்த்தையை. பூட்டை உடைத்தபோது கூடவே உடைந்தது அதுதான்.

24ஐ 44 ஆக்கினார்கள். சேறு போயிற்று, இலை தெரிந்தது. நியாயமான சந்தோஷம். அதோடு விட்டார்களா? 66, 100, 150 என்று ஏறி, கடைசியில் 176க்குப் போனார்கள். இந்த அளவில் ஒவ்வொரு ஃபிரேமும் முழு ஃபிரேம். தினமும் பேலன்ஸ் ஷீட். குவாண்டம், கிளஸ்டர், செட்னா என்று செட்டிங்குகளுக்கு ராக்கெட்டுக்கு வைப்பது மாதிரி பெயர்கள் வைத்தார்கள். வாரத்துக்கு ஒரு புது வெர்ஷன் வந்தது. போன வாரத்து செட்டிங்கில் எடுத்தவர் பழைய மாடல் போன் வைத்திருப்பவர் மாதிரி கூச்சப்பட்டார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 176 மெகாபிட் என்றால் விநாடிக்கு 22 மெகாபைட். கார்டு அந்த வேகத்தில் எழுதியாக வேண்டும். ஒரு விநாடி திணறினாலும் 'கார்டின் வேகம் போதவில்லை' என்று செய்தி காட்டிவிட்டுப் பதிவு நின்றுவிடும். அடுத்து, இந்த கேமராக்களில் ஒரு ஃபைல் நாலு ஜிகாபைட்டுக்கு மேல் வளராது. வளர்ந்ததும் சத்தம் போடாமல் அடுத்த ஃபைலுக்குத் தாவ வேண்டும். 24 மெகாபிட்டில் இந்தத் தாவல் 22 நிமிடத்துக்கு ஒரு தடவை. 176ல் மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை. பல செட்டிங்குகள் அந்தத் தாவலில்தான் கால் இடறி விழுந்தன. எடுத்ததை கேமராவிலேயே போட்டுப் பார்க்க முடியாமல் போனது இன்னொரு கூத்து. எழுதத் தெரியும், எழுதினதைப் படிக்கத் தெரியாது.

இதைவிடப் பொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இந்த செட்டிங்குகள் சும்மா நிற்பதில்லை. சுவரைக் காட்டினால் நாள் பூரா ஓடும். என்ட்ரி குவியும் நேரத்தில்தான் நிற்கும். அதாவது கூட்டம் கொந்தளிக்கும்போது, மழை கொட்டும்போது, பூவும் அரிசியும் பறக்கும்போது. ஒரு கல்யாண வீடியோக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை காபி குடிப்பது முழுசாகப் பதிவாகியிருக்கும். கெட்டிமேளம் என்று சத்தம் வந்து, நாலு பக்கமும் அட்சதை பறக்கும் அந்தப் பத்து விநாடியில் கேமரா நின்றிருக்கும். எதற்காகப் பிட்ரேட்டைக் கூட்டினாரோ அந்தக் காட்சியில்தான் கைவிடும். மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியுமா?

இதைப் புரிந்துகொண்ட சிலர் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்கள். என் மரியாதை முழுக்க அவர்களுக்குத்தான். அவர்களிடம் 'மரணச் சார்ட்' என்று ஓர் அட்டை இருந்தது. நுணுக்கமான புள்ளியும் கோடுமாகப் பொங்கி வழியும் படம். எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் தலை சுற்றும். அதன் முன்னால் கேமராவை வைத்து, நிற்கிறதா என்று பார்ப்பார்கள். நின்றால் எண்ணைக் குறைப்பார்கள். ஃபிரேமுக்கு அதிகபட்சம் எவ்வளவு, எத்தனை ஃபிரேமுக்கு ஒரு முழுக் கணக்கு, எந்த எல்லைவரை ரவுண்டாஃப் செய்யலாம் என்று ஒவ்வொரு திருகாணியையும் தனித்தனியாகத் திருகி, மறுபடி சார்ட் முன்னால் நிறுத்துவார்கள். சம்பளம் இல்லாத வேலை. ஒரு கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டுத் துறை செய்ய வேண்டியதை ராத்திரி கண்விழித்துச் செய்தார்கள்.

மற்றவர்கள்? எண்ணைச் சேகரித்தார்கள். 176 என்று சொல்வதில் ஒரு கௌரவம். எடுத்ததெல்லாம் டெஸ்ட். பூனை, செங்கல் சுவர், பக்கத்து வீட்டு மரம், மறுபடி பூனை. அதை யூடியூபில் போட்டார்கள். இதே முழு ஹெச்டிக்கு யூடியூப், அப்லோட் செய்யச் சிபாரிசு செய்வதே 8 மெகாபிட்தான். ப்ளூரே தட்டில்கூட வீடியோவுக்கு உச்சவரம்பு 40. பிற்பாடு கலர் திருத்தும்போது அதிகப்படி பிட் உதவும் என்று சொல்வார்கள். உதவும், ஓரளவு. ஆனால் இந்தக் கேமராவில் நிறத்துக்கான ஆழம் 8 பிட்டோடு சரி. பூட்டை உடைத்தவர்கள் பிட்ரேட்டைக் கூட்டினார்களே தவிர, அதை அசைக்கவில்லை. குழாய் அதே சைஸ், பக்கெட் மட்டும் பெரிசு. நாங்கள் முதல் வருடத்தில் உருப்போட்ட 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' ஞாபகம் வருகிறது. முதல் இட்லிக்கு இருந்த ருசி ஏழாவது இட்லிக்கு இல்லை. 24லிருந்து 44 முதல் இட்லி. 150லிருந்து 176 பதினான்காவது.

அப்படியானால் இந்தக் கூத்தில் உருப்படியாக எதுவும் நடக்கவில்லையா? நடந்தது. ஷேன் கரூத் என்று ஓர் அமெரிக்க இயக்குநர். 2004ல் 'ப்ரைமர்' என்ற படத்தை ஏழாயிரம் டாலரில் எடுத்து, சன்டான்ஸ் விழாவில் பெரிய பரிசு வாங்கியவர். அது 16 எம்.எம். ஃபிலிமில் எடுத்தது. ஃபிலிம் காசு கொடுத்து மாளாது என்பதால் ரீடேக் என்பதே கிட்டத்தட்டக் கிடையாது. ஒன்பது வருடம் கழித்து, 2013ல் அடுத்த படம், 'அப்ஸ்ட்ரீம் கலர்'. எழுதி, இயக்கி, நடித்து, இசையமைத்து, ஒளிப்பதிவும் தானே செய்தார். கேமரா, பூட்டு உடைத்த ஜி.ஹெச்.2. மண்ணும் தண்ணீரும் புழுவும் தோலுமாக, தொட்டுப் பார்க்கலாம் போலிருக்கும் படம். ஒரு காட்சியிலாவது உங்களுக்குப் பிட்ரேட் ஞாபகம் வந்தால் ஆச்சரியம். படம் பிடித்தவருக்கு வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. அதை எந்த செட்டிங்கிலும் ஏற்ற முடியாது.

2012ல் அமெரிக்காவில் ஸக்யூட்டோ என்ற நிறுவனம் ஒரு போட்டி வைத்தது. ஐபோனிலிருந்து, ஹாலிவுட்காரர்கள் உபயோகிக்கும் மிக விலை உயர்ந்த கேமராக்கள்வரை ஒன்பது கேமராக்கள். எது எதில் எடுத்தது என்று சொல்லாமல் திரையிட்டார்கள். 'காட்ஃபாதர்' எடுத்த கப்போலாவுக்குப் பிடித்தது ஜி.ஹெச்.2ல் எடுத்தது என்று செய்தி வந்ததும் நம் எண் சேகரிப்பாளர்கள் குதித்தார்கள். ஒரு விஷயத்தை மறந்துவிட்டுக் குதித்தார்கள். அந்தப் போட்டியின் ஒரு பகுதியில் ஒவ்வொரு கேமராக்காரரும் தன் கேமராவுக்கு ஏற்றபடி வெளிச்சத்தை மாற்றி அமைத்துக்கொள்ளலாம். ஜெயித்ததில் கேமராவுக்கு எவ்வளவு, விளக்கு வைத்தவருக்கு எவ்வளவு என்று எந்த ஆடிட்டரும் பிரித்துச் சொல்ல முடியாது.

கம்பெனி என்ன செய்தது? எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. 2012ல் ஜி.ஹெச்.3 வந்தது. ஒவ்வொரு ஃபிரேமும் முழு ஃபிரேம் என்கிற வசதி இப்போது அதிகாரபூர்வமாக உள்ளே. பிட்ரேட் 72. உடைத்தவர்களின் 176ல் பாதிகூட இல்லை. 2014ல் ஜி.ஹெச்.4. அதில்தான் 200. அதற்குள் கார்டுகள் வேகமாகிவிட்டன, விலையும் இறங்கிவிட்டது. தாங்கும் என்று தெரிந்த அன்றைக்குத்தான் கம்பெனி எண்ணைச் சொன்னது. இதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்கள் ஒரு தடவை ஒரு லட்சம் கேமராவுக்கு வாரண்டி கையெழுத்துப் போட்டுப் பார்க்கட்டும். அதே சமயம், இப்படி ஒரு தேவை இருக்கிறது என்று கம்பெனிக்கு உரக்கக் காட்டியவர்கள் யார்? சார்ட் முன்னால் ராத்திரி உட்கார்ந்திருந்தவர்கள். நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

இந்த எண் பைத்தியம் இப்போது போனுக்கு வந்துவிட்டது. 2021ல் வந்த ஐபோன் 13 ப்ரோவில் ப்ரோரெஸ் என்ற உயர்தர வீடியோ உண்டு. 4கே என்றால் நிமிடத்துக்குச் சுமார் 6 ஜிகாபைட். குறைந்த கொள்ளளவு மாடலில் 4கே கிடையாது, ஹெச்டியோடு நிறுத்திக்கொள் என்று கம்பெனியே பூட்டு போட்டது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது ப்ரோரெஸ். நிமிடக் கணக்கு சின்ன எழுத்தில்.

இன்றைக்கும் பழைய ஜி.ஹெச்.2 செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. யாராவது வாங்கி மூளையை மாற்றுவதானால் ஒரே ஒரு யோசனை. ஊரில் எந்த எண் பெரிசு என்று விசாரிக்காதீர்கள். உங்கள் கார்டையே போடுங்கள். காற்றடிக்கும் நாளில் இலை அடர்ந்த மரத்தின் கீழே நில்லுங்கள். ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வந்தால் கணக்குப்பிள்ளைக்கு வேலை இன்னும் கூடும். நாலு ஜிகாபைட் தாண்டி, இரண்டாவது ஃபைலும் தாண்டி ஓடவிடுங்கள். நின்றால் எண்ணைக் குறையுங்கள். நிற்காத எண் கிடைத்ததும் அதிலிருந்து இன்னும் கால் பங்கு குறைத்துக்கொண்டு, அப்புறம் செட்டிங் பக்கமே போகாதீர்கள். போய்ப் படம் எடுங்கள்.