பணிய வேண்டியவர் யார்?

கருத்து மாறுபட்டால் பணிவாகப் பேசு என்று நாம் எப்போதும் இளையவரிடமே சொல்கிறோம். அந்த அறிவுரை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைச் சோதிக்க, வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகரின் வாழ்க்கை நல்ல உரைகல்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து இங்கிலாந்து போன அவரும், உலகப் புகழ்பெற்ற வானியலாளர் ஆர்தர் எடிங்டனும் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் ஒன்றாக இருந்தவர்கள். ஆய்வு எப்படிப் போகிறது என்று எடிங்டன் அடிக்கடி வந்து விசாரிப்பார். 1935 ஜனவரி 11 அன்று லண்டன் அரச வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் பேச அரை மணி நேரம் வாங்கிக் கொடுத்தவரும் அவரே. ஆனால் தான் மறுத்துப் பேசப்போவதை மட்டும் சொல்லவில்லை. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன், எரிபொருள் தீர்ந்தபின் சுருங்கி மிஞ்சும் வெள்ளைக் குள்ளனாக அடங்க முடியாது என்று 24 வயது இளைஞர் நிறுவி முடித்ததும், எடிங்டன் எழுந்து அதைக் கேலி செய்தார். அவை சிரித்தது. பண்பாக நடந்துகொள்வது வேறு, தன் கருத்தும் தவறாக இருக்கலாம் என்று எண்ணுவது வேறு. முன்னது எடிங்டனிடம் நிறையவே இருந்தது.

சந்திரசேகர் நட்பை முறிக்கவில்லை. கடிதத் தொடர்பும் நீடித்தது. அதே சமயம் கணக்கில் ஓர் எண்ணைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. 1939இல் வெளியான தன் நூலில் அதை முழுமையாகப் பதிவு செய்துவிட்டு வேறு துறைக்கு நகர்ந்தார். கசப்பில் கரையாமல் பல துறைகளில் உழைக்க முடிந்ததற்கு இந்தப் பணிவே காரணம் என்று நம்புகிறேன். 1983இல் நோபல் பரிசு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கேம்பிரிட்ஜில் எடிங்டனைப் போற்றி உரையாற்றியிருந்தார்.

ஆனால் இந்த மோதலுக்குக் கொடுத்த விலை பெரிது. பெரிய விண்மீன்களின் முடிவு பற்றிய கேள்வியை வானியலாளர் பலர் நெடுங்காலம் ஒதுக்கியே வைத்தார்கள். 1935இல் பாரிஸ் மாநாட்டிலும் எடிங்டன் தாக்கியபோது, பதில் சொல்ல சந்திரசேகருக்கு வாய்ப்பு தரப்படவில்லை. இதற்கு அவருடைய பணிவைக் குறை சொல்வது நியாயமல்ல. இயற்பியலாளர்கள் நீல்ஸ் போரும் வுல்ஃப்காங் பாலியும் எடிங்டன் சொல்வது தவறு என்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டவர்கள். வெளிப்படையாக அறிவிக்க முன்வரவில்லை. இழக்க எதுவுமில்லாத அந்தப் பெரியவர்கள் கையெழுத்திட்டு ஒரு பக்கம் எழுதியிருந்தால், அந்த இளைஞர் தன்னந்தனியாக நின்றிருக்க வேண்டியதில்லை.