பீகிள்போன் பிளாக்: நின்றுபோன இடத்தைச் சொல்லும் போர்டு

2013இல் 45 டாலர் விலையில் வந்த பீகிள்போன் பிளாக் என்ற ஒற்றை போர்டு கணினியை வேகத்துக்காக இன்று யாரும் வாங்கப்போவதில்லை. 1 ஜிகாஹெர்ட்ஸ் ஒற்றைக் கோர் ஏஆர்எம் புராசஸர், 512 எம்பி ரேம். மலிவான கைபேசிகூட இதை முந்திவிடும். ஆனால் ஏதோ ஓர் இயந்திரத்துக்குள் பொருத்தி, மூடியைத் திருகி, மறந்துவிடுவதற்காக வாங்கும் போர்டை வேகத்தை வைத்து எடைபோடுவதில் பொருளில்லை. அது ஒருநாள் பூட் ஆகாமல் நிற்கும். அப்போது எந்த இடத்தில் நின்றது என்று கண்டுபிடிக்க முடிகிறதா? என் மதிப்பெண் இந்த ஒரு கேள்விக்குத்தான்.

பவர் கொடுத்ததும் சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் ரோம் நிரல் முதலில் ஓடுகிறது. அது எம்எல்ஓ என்ற சிறு கோப்பைத் தேடி ஏற்றுகிறது. எம்எல்ஓ ரேமைத் தயார்செய்து யு-பூட் என்ற பூட்லோடரை ஏற்றுகிறது. யு-பூட், லினக்ஸ் கர்னலையும் போர்டின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பையும் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கர்னல் தனக்குரிய டிரைவரை ஏற்றிய பிறகே எச்டிஎம்ஐ திரையில் படம் வரும். ஆகவே, திரை கறுப்பாக இருப்பதைப் பார்த்து எந்தக் கட்டத்தில் தவறு என்று சொல்ல வழியில்லை. பேசுவது போர்டிலுள்ள ஆறு பின் சீரியல் இணைப்புதான். 3.3 வோல்ட் யுஎஸ்பி-சீரியல் கேபிளை மாட்டி, வேகத்தை 115200 என வைத்தால் போதும் (5 வோல்ட் கேபிளை மாட்டிவிடாதீர்கள்). 'சி' என்ற எழுத்து வரிசையாக வந்துகொண்டே இருந்தால், போர்டிலேயே பதிந்த சேமிப்பகமான இஎம்எம்சியிலும் எஸ்டி கார்டிலும் ரோமுக்கு எதுவும் அகப்படவில்லை, சீரியல் வழியாக நிரலை அனுப்பச் சொல்கிறது என்று பொருள். யு-பூட்டின் கட்டளை வரியில் வந்து நின்றால், சீரியல் உள்வரவில் இருந்த இரைச்சலையோ அங்கே மாட்டிய ஜிபிஎஸ் கருவி அனுப்பிய எழுத்துகளையோ யாரோ விசையைத் தட்டியதாக அது எடுத்துக்கொண்டிருக்கலாம்.

பலரை ஏமாற்றுவது 'ஸ்டார்ட்டிங் கர்னல்' என்ற வரி. அதோடு எல்லாம் நின்றுவிட்டால் கர்னல் செத்துவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். அந்த வரியை அச்சிடுவது யு-பூட். கர்னல் இன்னும் வாயே திறக்கவில்லை. பொருந்தாத டிவைஸ் ட்ரீயால் அது உண்மையிலேயே தொடக்கத்தில் விழுந்திருக்கலாம். அல்லது நலமாக ஓடிக்கொண்டே, செய்திகளை இல்லாத ஒரு போர்ட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம்: பழைய கர்னல்களில் டிடிஒய்-ஓ0 என்று இருந்த சீரியல் போர்ட், டிரைவர் மாறியபின் டிடிஒய்எஸ்0 ஆகிவிட்டது. இரண்டையும் பிரித்துக்காட்ட போர்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. வழக்கமான இமேஜ்களில் முதல் நீல விளக்கை இதயத்துடிப்புபோல் இயக்குவது கர்னல். சீரியல் மௌனமாக இருந்தும் விளக்கு துடித்தால், கர்னல் உயிரோடு இருக்கிறது. திருத்த வேண்டியது கன்சோல் பெயரை. கர்னல் பேசிவிட்டு ரூட் பார்ட்டிஷனுக்காகக் காத்துக்கிடந்தால், இஎம்எம்சிக்கும் எஸ்டி கார்டுக்கும் அது தரும் எண்கள் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு. எண்ணுக்குப் பதில் பார்ட்டிஷனின் தனி அடையாளமான யுயுஐடியைக் கொடுத்தால் தீரும்.

'இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? புது இமேஜை எழுதிய கார்டைப் போட்டால் முடிந்தது' என்பார்கள். இந்த போர்டில் அந்த வைத்தியமே நோயை வளர்க்கக்கூடும். ரோம் வழக்கமாக முதலில் பார்ப்பது இஎம்எம்சியை. அங்கே பழைய யு-பூட் இருந்தால் அதுதான் எழுந்து, உங்கள் புதுக் கார்டிலுள்ள கர்னலைத் தன் பழைய விதிப்படி ஏற்றப் பார்க்கும். கார்டை எத்தனை முறை எழுதினாலும் அதே இடத்தில் நிற்கும், பழி கார்டின்மேல் விழும். எஸ்டி கார்டு பக்கமுள்ள எஸ்2 பொத்தானை அழுத்தியபடி பவர் கொடுத்தால் ரோம் இஎம்எம்சியை விட்டுவிட்டு கார்டுக்குப் போகும். ரீசெட்டை மட்டும் தட்டினால் போதாது. அந்தத் தேர்வு பவர் வரும் கணத்தில்தான் படிக்கப்படுகிறது. அதைப் படிக்கும் பின்களே பி8 இணைப்பின் 31 முதல் 46 வரை வெளியேயும் வருவதால், அங்கே மாட்டிய சர்க்யூட் அவற்றை இழுத்துப் பிடித்தால் ரோம் தவறான வரிசையில் தேடத் தொடங்கும். வேறெதையும் தொடுவதற்கு முன் கூடுதல் போர்டுகளைக் கழற்றிவிடச் சொல்வது அதனால்தான்.

ராஸ்பெர்ரி பை போர்டு, கேபிளே இல்லாமல் பச்சை விளக்கைச் சிமிட்டிக் காட்டுகிறதே என்ற வாதம் நியாயமானது. ஏழு சிமிட்டல் என்றால் கர்னல் கோப்பு இல்லை என்று பொருள். தொடக்கநிலையில் இருப்பவருக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்தச் சிமிட்டல் மொழி கர்னலிடம் பொறுப்பு போனதும் முடிந்துவிடுகிறது, அதற்கு முன்னால் ஓடும் ஃபர்ம்வேரோ மூடிய பெட்டி. பீகிள்போனில் யு-பூட்டின் மூலநிரல், போர்டின் சர்க்யூட் வரைபடம் இரண்டுமே வெளிப்படை. ரோம் எதை எந்த வரிசையில் தேடும் என்பதைச் சிப்பைச் செய்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கையேடே விளக்குகிறது. குறை, சீரியல் கேபிள் பெட்டியில் வருவதில்லை என்பது. திரை, விளையாட்டு, வீடியோ என்று கேட்பவருக்கு இந்த போர்டு வேண்டாம். கருவிக்குள் வைத்துப் பல ஆண்டு பராமரிக்கப்போகிறவர் தாராளமாக வாங்கலாம். போர்டுக்கு ஆர்டர் போடும்போதே 3.3 வோல்ட் கேபிளுக்கும் சேர்த்துப் போடுங்கள்.