மாமூல்: செய்தவர் இல்லாத சொல்

நைனார்பாளையத்தில் நான் வழக்கமாகப் போகும் டீக்கடையில் உட்கார்ந்ததுமே, "மாமூல்தானே?" என்பார் கடைக்காரர். சர்க்கரை கம்மியாக ஒரு டீ வரும்.

2024 ஜூனில் அதே பெஞ்சில் அதே சொல்லை வேறு மாதிரி கேட்டேன். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போயிருந்தார்கள். "மாமூல் போவுது, எவன் கேப்பான்?" என்றார் ஒருவர். "எல்லாம் மாமூலா நடக்குறதுதானப்பா" என்றார் இன்னொருவர். முதலாமவர் சொன்னது பணத்தை, அடுத்தவர் சொன்னது பழக்கத்தை. வழக்கு பிறகு சிபிஐ விசாரணைக்குப் போனது. என்னை உறுத்திக்கொண்டே இருந்தது அந்தச் சொல்.

சங்கப் புலவர் மாமூலனாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது அரபுச் சொல். அய்ன், மீம், லாம் என்ற மூன்றெழுத்து வேருக்குச் செய்தல், வேலை என்று பொருள். அதிலிருந்து வரும் 'மஃமூல்' என்றால் செய்யப்பட்டது. லெபனான், சிரியா பக்கம் பெருநாளுக்குப் பேரீச்சை வைத்துச் செய்யும் பலகாரத்துக்கும் இதே பெயர்தான். பாரசீகம், உருது வழியாக நம் கச்சேரி மொழிக்குள் வந்தபோது 'வழக்கமாகச் செய்யப்படுவது' என்று ஆகியிருந்தது. 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் வழக்கம் என்றே பொருள் தருகிறது. வழக்கமாகக் கொடுப்பது என்பதிலிருந்து லஞ்சம் ரொம்ப தூரமில்லை.

அதே வேரில் பிறந்த இன்னொரு சொல்லும் நம்மிடம் இருக்கிறது: அமல். தமிழ் முஸ்லிம்களின் பேச்சில் அது ஒருவர் செய்யும் செயல். இறைவன் முன் அவரவரே பதில் சொல்லவேண்டியது. அரசாங்க மொழியில் சட்டம் அமலுக்கு வருகிறது. 1988ஆம் வருடத்து ஊழல் தடுப்புச் சட்டம் அமலில் இருக்கிறது, மாமூலும் இருக்கிறது. வேர் ஒன்றுதான்.

லஞ்சம் என்றால் வாங்கியது யார் என்ற கேள்வி உடனே வரும். மாமூல் என்றால் வருவதில்லை. அரபு இலக்கணப்படியே அது செயப்பாட்டு வடிவம், செய்தவருக்கு அதில் இடமில்லை. நம் சினிமாவிலும் கதைகளிலும் மாமூல் வாங்கும் ஏட்டு பெரும்பாலும் சிரிப்புக்கு வருகிற ஆள். அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கொடுத்தவரையும் எதற்குக் கொடுத்தார் என்பதையும் மறந்துவிடுகிறோம். இனி அந்தச் சொல்லை எழுதுகிறவர்கள் அடுத்த வரியிலாவது அந்த விவரத்தை எழுதலாம்.

டீக்கடையில் இப்போது, "சக்கர கம்மியா ஒரு டீண்ணே" என்று முழுசாகவே சொல்கிறேன்.