முழுப்பேர்க் கதையைக் கேட்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் என்றாலே "தூக்கம் வருது" என்று எங்கள் ஹட்டன், டிக்கோயா பக்கத்து இளசுகள் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. கிரிக்கெட் பார்க்க நாள் முழுக்க உட்காருகிறார்கள். ஒரு நல்ல போதகர் வசனத்துக்குள் கதையை இறக்கும் அழகைக் கேட்க அரைமணி நேரம் கிடையாதா? கேட்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். சொல்லித் தருகிறேன்.

முதலில் அடிப்படை. பிரசங்கத்தில் வசனம் இருக்கும், விளக்கம் இருக்கும், நடுவில் உதாரணம் வரும். அது கதையாக வரலாம், பெரியவர் ஒருவர் சொன்ன வாக்காகவும் வரலாம். லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜன் உதாரணங்களை வீட்டின் ஜன்னல்களுக்கு ஒப்பிட்டார். வெளிச்சம் வேண்டும், ஆனால் ஜன்னல் கூடிப்போனால் சுவர் நிற்காது. வாக்கு என்றால் அது யாருடையது என்று பாருங்கள். அத்தேனே பட்டணத்தில் பேசிய பவுல் கிரேக்கப் புலவரின் சொல்லையே எடுத்தார் (அப்போஸ்தலர் 17). நம் போதகர் குறளை எடுப்பதும் அதே வழிதான். அடிப்படை முடிந்தது.

இனிமேல்தான் விஷயம். கதைகளில் முழுப்பேர்க் கதை, அரைப்பேர்க் கதை என்று இரண்டு வகை உண்டு. தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். கதையையும் அப்படித்தான் நிறுக்க வேண்டும். கேட்ட கதையை அந்த வசனத்திலிருந்து பிடுங்கி வேறொரு வசனத்தில் நட்டுப் பாருங்கள். அங்கேயும் வாடாமல் நின்றால் அரைப்பேர். இந்த வசனத்தை விட்டால் அதற்கு வேறு மண்ணே இல்லை என்றால் முழுப்பேர்.

கழுகுக் கதையை எடுங்கள். நாற்பது வயதில் கழுகு மலையுச்சிக்குப் போய்த் தன் அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகங்களைப் பிடுங்கி, புது அலகு முளைத்து இன்னும் முப்பது வருஷம் வாழுமாம். பொய். அலகு உடைந்த கழுகு பட்டினியில் சாகும். ஆனாலும் விசுவாசம், பொறுமை, மனந்திரும்புதல், புது வருஷ ஆராதனை என்று எல்லாவற்றுக்கும் இதே கழுகு பறந்து வருகிறது. ஊசியின் காது என்பது எருசலேமில் இருந்த ஒரு சிறு வாசல் என்பதும் இப்படித்தான். அப்படி ஒரு வாசல் இருந்ததற்குச் சான்றே இல்லை. போனில் வந்ததைத் திரையில் போட்டுக் காட்டுவது இப்போது மோஸ்தர். கைதட்டல் கிடைக்கும், வசனம் அப்படியே மூடிக் கிடக்கும்.

முழுப்பேருக்கு நாத்தான் தீர்க்கதரிசியைப் பாருங்கள் (2 சாமுவேல் 12). ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரன் கதை. தாவீது கோபப்பட்டுத் தீர்ப்புச் சொன்ன பிறகுதான், தீர்ப்புத் தனக்கே என்று அவனுக்குத் தெரிகிறது. கதையை எடுத்துவிட்டால் அங்கே பிரசங்கமே இல்லை. "வசனம் போதும், கதை சிறுபிள்ளைகளுக்கு" என்று முகம் சுளிக்கும் பண்டிதர்கள் இந்த அதிகாரத்தை இன்னொரு முறை படிக்கட்டும்.

வாக்கிலும் இதே கணக்குத்தான். யாழ்ப்பாணத் தமிழரான மெதடிஸ்த போதகர் டி. டி. நைல்ஸ் (1908–1970), நற்செய்தி சொல்கிறவரைச் சோறு கிடைக்கும் இடத்தை இன்னொரு பிச்சைக்காரனுக்குக் காட்டும் பிச்சைக்காரனாகக் கண்டார். அதைச் சொல்லுகிற போதகர் பீடத்திலிருந்து இறங்கி நம் பக்கத்தில் நின்றாக வேண்டும். 1918இல் இலங்கைக்கு வந்த சாது சுந்தர் சிங் சொல்லிவந்த கதையும் அப்படித்தான். ரயில் நிலையத்தில் தாகத்தில் சுருண்ட பிராமணர் அந்நியரின் கோப்பையில் தண்ணீர் வாங்க மறுத்து, தன் சொந்தச் செம்பில் வந்ததும் குடித்தார். ஜீவத்தண்ணீரை நம் செம்பில் கொடு என்பது சாதுவின் வாதம்.

எங்கள் செம்பு, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் இருக்கிறது. 1854இல் தொடங்கிய தமிழ் கூலி மிஷன் காலத்திலிருந்து திருநெல்வேலி உபதேசிமார் இந்த மலைகளில் லயம் லயமாக நடந்திருக்கிறார்கள். நான் சிறுவனாகக் கேட்ட உபதேசியார் ஒருவர், திராட்சத்தோட்டத்து வேலையாட்கள் உவமையை (மத்தேயு 20) எடுத்தார். காலைப் பிரட்டுக்கு வந்தவளுக்கும் முழுப்பேர், பின்னேரம் அஞ்சு மணிக்கு வந்தவளுக்கும் முழுப்பேர் என்றார். வாங்கிலிருந்து ஒரு அம்மா சத்தமாகவே கேட்டுவிட்டார்: "அது என்னங்க ஞாயம்?" கோயிலே முணுமுணுத்தது. உபதேசியார் பேசாமல் நின்றார். பிறகு மெதுவாக, "அந்த அஞ்சு மணிக்காரி ஒங்க மகளா இருந்தா?" என்றார். டவுன் சபைகளில் இந்த உவமைக்குத் தலையாட்டுவார்கள். கதையில் முதலில் வந்தவர்கள் முணுமுணுத்தார்களே, அந்த முணுமுணுப்பு எங்கள் வாங்கில்தான் கேட்டது.

உங்களிடம் சொல்வதற்கென்ன, கேட்ட கதைகளை நான் ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். முழுப்பேர் வாங்கியவை ஒரு பக்கம்கூட நிறையவில்லை. கடைசியாக எழுதியது யோவான் 15க்குச் சொன்னது. கனி கொடுக்கும் கொடியைப் பிதா அறுத்துச் சுத்தம்பண்ணுவதைப் போதகர் கவ்வாத்து என்றார். அதை யாரும் சொல்வார்கள். அவர் அதோடு நிற்கவில்லை. சில தோட்டங்களில் செடியை மொட்டையாக வெட்டும்போது ஒன்றிரண்டு கிளையை இலையோடு விட்டுவைப்பார்களே, செடி மூச்சுவிட, அது ஏன் என்று கேட்டார். எனக்கு முன்வாங்கில் இருந்தவர் ஆயுசு முழுக்கக் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். அவர் பதில் சொல்லவில்லை. மடியில் கிடந்த தன் வலது கையைத் திருப்பி, உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.