கல்லைப் பிளக்க பூதபலம் எதற்கு?

ஜவ்வாது மலையில் கீழ்செப்பிலி பக்கம் இருக்கும் கல்திட்டைகளைக் குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்று ஊரில் சொல்வார்கள். அது கதை, இருந்துவிட்டுப் போகட்டும். யூடியூப் வீடியோக்கள்தான் ஒரு படி மேலே போகின்றன. "இவ்வளவு பெரிய பலகைக்கல்லை மனுஷனால பிளந்திருக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலை மர்மத்திடம் விட்டுவிடுகின்றன. எனக்கு அந்தக் கேள்வியோடுதான் சண்டை. பலம் கூடினால் பலகையும் பெரிசாகும் என்று அது நினைக்கிறது. விரிசல் நடந்துகொள்வது நேர் எதிராக.

1921ல் கிரிஃபித் கண்ணாடியை வைத்துச் சொன்னதை ஒரு வரவு-செலவுக் கணக்காகப் பார்க்கலாம். விரிசல் நீளும்போது, பொருளுக்குள் இறுகிக் கிடந்த ஆற்றல் கொஞ்சம் விடுபடும்; அது வரவு. புதிதாக இரண்டு பரப்புகள் உருவாக வேண்டும், அது செலவு. வரவு செலவை எட்டினால் விரிசல் நகரும். வரவு எக்கச்சக்கமாக மிஞ்சினால் வேகமெடுக்கும்; ஒரே பாதையில் செலவழித்துத் தீராமல் கிளை பிரியும். கல்லுக்குள் குறுக்கலை ஓடும் வேகத்தில் சுமார் 60 சதவீதத்தைத் தொட்டால், விரிசல் முனையில் இழுவிசையின் உச்சம் நேர்பாதையை விட்டு விலகிவிடும் என்று 1951ல் எலிசபெத் யோஃபே கணக்குப் போட்டார். சோதனைகளில் அதற்கு முன்பே தடுமாற ஆரம்பிக்கிறது. வெடி வைத்த இடத்தில் பலகை கிடைக்காமல் கண்டபடி உடைந்த கல் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பலகை வேணும்னா விரிசலை நடக்க விடணும், ஓட விடக்கூடாது. அதை நம்ம பக்கத்திலேயே செய்திருக்கிறார்கள். பெங்களூர் கல்குவாரியில் விறகுத் தீயால் கருங்கல்லை உரித்ததை வார்த் என்பவர் 1895ல் 'நேச்சர்' இதழில் பதிவு செய்திருக்கிறார். பாறைமேல் வரிசையாகத் தீ மூட்டி, சுத்தியலால் தட்டிப் பார்த்து, அடியில் கல் விட்டுப் போனதும் தீயை முன்னால் நகர்த்துவார்கள். மணிக்கு ஏறக்குறைய 6 அடி. 8 மணி நேரத்தில் சராசரி 5 அங்குல கனத்தில் 740 சதுர அடிப் பலகை. 1 பவுண்டு விறகுக்கு 30 பவுண்டு கல்!

ஜவ்வாது மலையிலும் தீதான் வைத்தார்கள் என்பதற்கு இது சாட்சி ஆகாது. ஆனால் பூதமோ அமானுஷ்ய பலமோ தேவையில்லை என்று காட்ட இது போதும். வேண்டியது பொறுமையும், கல்லின் ஓசை தெரிந்த காதும்.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். புதையல் தேடித் தோண்டியே தமிழ்நாட்டில் எத்தனையோ ஈமச்சின்னங்கள் சிதைந்துவிட்டன. மர்மம் என்று சொல்லச் சொல்ல கடப்பாரையோடு ஆள் வருவான். இது கைத்தொழில், நம்மைப் போன்ற மனுஷங்க செஞ்சது என்று சொன்னால், கொஞ்சம் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளத் தோன்றும்.