யாருக்கு எளிது?

சமையல் குறிப்புகளில் நான் அதிகம் சந்தேகிக்கும் சொல் 'எளிய' என்பதுதான். 'வேலைநாள் இரவுக்கு எளிய கீஷ்' என்று ஒரு குறிப்பு சொன்னால், யாருக்கு எளிது என்று நாம் கேட்டாக வேண்டும்.

கீஷ் பிரான்சின் லொரேன் பகுதி உணவு. மாவைத் தட்டில் பரப்பி, அடித்த முட்டையும் கிரீமும் ஊற்றி அவனில் வேகவைப்பது. முன்பு ரொட்டிக்குப் பிசைந்த மாவில் மிஞ்சியதைக் கொண்டு செய்தார்கள். பெரிய வேலை அப்போதே முடிந்திருந்ததால் அது எளிதாக இருந்தது. இன்றைய குறிப்பில் அந்த முன்வேலையும் சேர்ந்திருக்கிறது. 'எளிது' என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

புதுச்சேரியில் 1954 வரை பிரெஞ்சு நிர்வாகம் இருந்தது. ஒயிட் டவுன் உணவகத்தில் கீஷ் தட்டில் வந்து சேரும். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டில் அதை யாராவது செய்ய வேண்டும். 200 கிராம் மைதாவில் 100 கிராம் வெண்ணெயை விரல் நுனியால் உதிர்க்க வேண்டும். மே மாதச் சூட்டில் வெண்ணெய் விரலிலேயே உருகும். எனவே பிசைந்த மாவை அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். கீரையை ஆய்ந்து, அலசி, நீர் வற்ற வதக்க வேண்டும். பிறகுதான் 3 முட்டை, 200 மில்லி கிரீம், 180 டிகிரியில் 40 நிமிடம். குறிப்பின் தலைப்பில் இந்த 40 நிமிடம் மட்டும் இருக்கும். கீரை ஆய்வதும் பாத்திரம் தேய்ப்பதும் நேரமாகவே எழுதப்படுவதில்லை.

2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அந்த நேரத்தை எண்ணியது. ஊதியமில்லா வீட்டுவேலை செய்த பெண்கள் அதற்குச் சராசரியாக நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள்; செய்த ஆண்கள் 97 நிமிடம். ஆண்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் அன்றைக்கு அந்த வேலையைத் தொடவே இல்லை.

ஆனாலும் கீஷை நான் ஒதுக்க மாட்டேன். தோசையை நினைத்துப் பாருங்கள். கல்லருகே நிற்பவள் எல்லோருக்கும் சுட்டுப் போட்டுவிட்டு, வழித்தெடுத்த மாவில் கடைசித் தோசை ஊற்றி, மிஞ்சிய சட்னியோடு தனியாகச் சாப்பிடுகிறாள். கீஷ் அவனுக்குள் போனபின் யாரையும் நிற்கவைப்பதில்லை. ஆறினாலும் ருசிக்கும். வெட்டி நடுவில் வைத்தால் சமைத்தவளும் மற்றவர்களோடு உட்காரலாம். நம் வீடுகளில் இது சின்ன விஷயமல்ல.

அதற்கு வீடும் ஒத்துவர வேண்டும். "நல்லாத்தாம்மா இருக்கு, ஆனா சோறு இல்லாம எப்படி?" என்பார் என் மாமனார். குக்கர் ஏறும். சோறு வந்தால் ரசமும் வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்த வந்த பண்டம், ஓர் இரவுக்கு இரண்டு சமையலாகிவிடும்.

அம்பை தன் கதைக்கு 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்று பெயர் வைத்தார். அந்த மூலைக்குள் புதிதாக ஓர் அவன் வந்துவிட்டதாலேயே மூலை விரிந்துவிடாது. குறிப்பு எழுதுகிறவர்கள் பொருட்களின் பட்டியலுக்குக் கீழே, கீரையை யார் ஆய்வது, பாத்திரத்தை யார் தேய்ப்பது என்றும் இரண்டு வரி எழுதட்டும். அதைப் படித்துவிட்டு எளிதா இல்லையா என்று நாம் சொல்கிறோம்.