மஞ்சள் தடவிய மனு

2021-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி 'டெபாசிட்தாரருக்கே முதலிடம்' என்ற பெயரால் தலைநகரில் ஒரு விழா நடந்தேறியது. அந்நாள் தொட்டு, வங்கி முடங்கினாலும் வாடிக்கையாளருக்கு இனிக் கவலையில்லை, 90 நாளில் 5 லட்சம் ரூபாய் கைக்கு வந்துவிடும் என்று பேசுவது படித்தவர்களிடையே ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. 2025 பிப்ரவரியில் மும்பை நியூ இந்தியா கூட்டுறவு வங்கியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கலாகாதென்று ரிசர்வ் வங்கி தடுத்தபோதும் பணம் போட்டவர்களுக்கு இதே சமாதானம்தான் கிடைத்தது.

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தண்டோரா போட்டுவிட்டு ஒரு வங்கியை முடக்க இயலாது. முடக்காமலே விட்டால் விஷயம் தெரிந்தவன் முந்திக்கொள்ள, தெரியாதவன் வெறுங்கையோடு திரும்புவான். 1993 முதல் ஒரு லட்சமாகவே கிடந்த காப்பீடு 2020-இல் 5 லட்சமானது நன்மையே. கரூரில் 1926-இல் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் முடங்கிப் பத்தே நாளில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தபோது டெபாசிட்தாரர் எவரும் காசு இழக்கவில்லை என்பதும் மெய்.

என் ஆட்சேபம் வேறிடத்தில் இருக்கிறது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவு தரும் அதிகாரம் டெபாசிட்தாரரின் நலனைச் சொல்லியே பிரயோகிக்கப்படுகிறது. ஆனால் அந்த டெபாசிட்தாரருக்கு முன்னறிவிப்பு இல்லை (அது போகட்டும்), பின்னரும் 'பொதுநலன்', 'மேற்பார்வைக் கவலைகள்' என்ற இரண்டொரு சொற்களுக்கு மேல் விளக்கம் வாய்ப்பதில்லை, தம் சங்கடத்தை எடுத்துரைத்துப் பதில் பெற ஒரு சந்நிதியும் இல்லை. முறையீட்டின்பேரில் ஆணையை மாற்றவோ ரத்து செய்யவோ அதே பிரிவு இடமளிக்கிறதே என்பார்கள். அம்முறையீட்டை இத்தனை நாளுக்குள் விசாரித்து, இன்ன காரணத்தால் ஏற்றோம் அல்லது தள்ளினோம் என்று சொல்லியாக வேண்டுமென்ற நிர்ப்பந்தம் அதில் எங்கே இருக்கிறது? அவசரம் கருதி முன்விசாரணை தவிர்க்கப்பட்டால் பின்விசாரணையேனும் வேண்டும் என்பது 1978-இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் ஏற்ற நியாயம். ஒரு பாஸ்போர்ட்டுக்குக் கிடைத்த அந்த மரியாதை ஆயுட்காலச் சேமிப்புக்குக் கிடைக்கவில்லை. 2019 அக்டோபரில், முடங்கிய பஞ்சாப் - மகாராஷ்டிரக் கூட்டுறவு வங்கியின் டெபாசிட்தாரருக்காக அதே நீதிமன்றத்தின் படியேறியபோது, உயர் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று திருப்பியனுப்பினார்கள்.

லட்சுமி விலாஸ் வங்கி முடங்கியிருந்த நாட்களில் 25,000 ரூபாய்க்கு மேல் கேட்பவர், மருத்துவமா, மேற்படிப்பா, கல்யாணமா என்று காட்டியாக வேண்டியிருந்தது. பெண்ணைப் பெற்ற ஒருவர், சுவாமி முன் வைத்து எடுத்து, மூலைகளில் மஞ்சள் தடவிய பத்திரிகையைக் கவுண்டர் கண்ணாடிக்கு அடியில் மனுவாக நீட்டுவதையும், குமாஸ்தா அதைப் பிரித்து முகூர்த்த நாளைப் பார்த்துவிட்டு மண்டபத்து ரசீது உண்டா என்று கேட்பதையும் எண்ணிப் பாருங்கள். சட்டத்தின் கண்ணில் வங்கிக்குக் கடன் கொடுத்தவர் அவர். கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் காரணம் காட்டுபவரும் அவரே. அதே கிளையில் அவர் வைத்த நகைக்கு வட்டி மட்டும் ஒரு நாளும் முடங்குவதில்லை. இணைப்புத் திட்டத்துக்கு ஆட்சேபம் சொல்ல அதே வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு டெபாசிட்தாரருக்கும் இடம் தருகிறது என்ற வாதத்துக்கு நான் வேறு மறுமொழி தேட வேண்டியதில்லை: நவம்பர் 17-ஆம் தேதி வெளியான வரைவுக்கு 20-ஆம் தேதி மாலை 5 மணியோடு அவகாசம் தீர்ந்துபோயிற்று.

அந்த 90 நாளும் கல்வெட்டன்று. வேறு வங்கியோடு இணைக்கும் யோசனை இருந்தால் மேலும் 90 நாள் தள்ளிப்போட, அந்தக் கெடுவை விதித்த டெபாசிட் காப்பீட்டுத் திருத்தச் சட்டமே வழிசெய்கிறது. 5 லட்சத்துக்கு மேற்பட்ட பணத்துக்கோ கெடுவே கிடையாது. புனேயின் ரூபீ கூட்டுறவு வங்கியை 2013 பிப்ரவரியில் முடக்கினார்கள்; மாதக் கணக்கில் தவணை தவணையாக நீட்டித்துக்கொண்டே போய், 2022 ஆகஸ்டில் அதன் உரிமத்தையே ரத்து செய்தார்கள். இடைப்பட்ட ஒன்பதரை ஆண்டில், ஒவ்வொரு நீட்டிப்புக்கும் முன்பு டெபாசிட்தாரரை அழைத்து ஒரு வார்த்தை கேட்கும் கடமையைச் சட்டம் எவர் தலையிலும் வைக்கவில்லை, இன்றும் வைக்கவில்லை.